கணினி முன்னால் இருப்பதும் வகுப்புத்தான்

மகன்,

தொலைபேசியில் கூப்பிட்டால் "ஓம் அம்மா, சரி அம்மா, பேந்து கதைக்கிறன்" என்று மூன்று துண்டில் கதையை முடித்துவிடுவாய். நேரில் வந்தால் நிரோஜா தேநீர் வைப்பாள், உன் அப்பா பனியைப் பற்றித் தொடங்குவார், நான் சொல்ல வந்தது சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அந்த வசதி எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னும் இரண்டு கிழமையில் லவால் வீட்டைப் பூட்டிக்கொண்டு, மனைவி நிரோஜாவையும் கூட்டிக்கொண்டு, ஆறு மணித்தியாலம் கார் ஓடி வால்-டோருக்குப் போகப்போகிறாய். சுரங்கக் கம்பனியில் மின் பொறியியலாளர் வேலை. எனக்குப் பெருமைதான். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், முன்பின் தெரியாத இரண்டு பேர் உட்பட. குளிருக்கு என்ன போடுவது, எப்படிச் சாப்பிடுவது என்றெல்லாம் நான் புத்தி சொல்லப்போவதில்லை. மொன்றியலில் இருபது குளிர்காலம் கண்ட உனக்கு அது தெரியும். நான் எழுதுவது நிரோஜாவின் படிப்பைப் பற்றி.

போன ஞாயிறு உங்கள் வீட்டு மேசையில் நடந்ததை நீ மறந்திருப்பாய். எனக்கு நான்கு நாளாக அதே நினைப்பு. நண்டுக் கறி நன்றாக இருந்தது, உன் அப்பா இரண்டாம் தரம் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது நிரோஜா, தன் மொழிபெயர்ப்புப் படிப்பின் மிச்சப் பாதியை வால்-டோரில் இருந்துகொண்டே இணையத்தில் முடிக்கலாம் என்று பல்கலைக்கழகத்தில் சொல்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதிந்தால் போதும் என்றாள். எவ்வளவு ஆசையோடு சொன்னாள் என்று நீ பார்க்கவில்லை, நீ நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தாமலே சொன்னாய்: "கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறது படிப்பே இல்லை. மூண்டு வருசத்தில திரும்பி வருவம்தானே. அப்ப வகுப்புக்குப் போய் ஒழுங்காப் படிக்கலாம்." அவள் உனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். உன் அப்பா கறியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவர் ஏன் பார்த்தார் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நீ சொன்ன அந்த வசனம் உன்னுடையது இல்லை. அது நான் உனக்குச் சொன்னது. ஒரு சொல்லும் மாறவில்லை, குரல்கூட என்னுடையதைப் போலவே இருந்தது. என் வாயில் இருந்து போனதை இப்போது நீ இன்னொரு பிள்ளைக்குப் பரிமாறுகிறாய். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நீ உயர்பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்த குளிர்காலம் நினைவிருக்கிறதா? பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு. வீதியிலிருந்து மாடிக்கு ஏறும் வெளிப்படிக்கட்டு, இரும்பில் செய்தது, வளைந்து வளைந்து ஏறும். அதில் உறைந்து கிடந்த பனியில் சறுக்கி விழுந்து காலை முறித்தாய். மாக்கட்டுப் போட்ட காலோடு அந்தப் படியில் ஏறி இறங்க முடியாது. இரண்டு மாதத்துக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. மற்றப் பாடங்களை எப்படியோ பிடித்துவிடலாம், கணிதம்தான் சிக்கல் என்றார்கள். வீட்டிலிருந்தே இணையத்தில் படித்து, இணையத்திலேயே தேர்வும் எழுதலாம், இல்லாவிட்டால் அடுத்த வருடம் திரும்ப இருந்து படிக்க வேண்டும் என்றார்கள். நீ இணையத்தில் படிப்பதாகச் சொன்னாய். நான் சம்மதித்தேன் என்று நீ நினைத்தாய். நான் சம்மதிக்கவில்லை, வேறு வழியில்லாமல் பேசாமல் இருந்தேன். அந்தப் பழைய கணினியை உன் அப்பா ஆரிடமோ வாங்கி, சமையலறைக்குப் பக்கத்தில் அயன் வைத்துத் துணி மினுக்கும் மேசையில் வைத்திருந்தார். நீ காலை ஒரு கதிரையில் நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அதற்கு முன்னால் இருந்தாய். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டு பார்ப்பேன். பென்சில் இல்லை, ஆசிரியர் இல்லை, ஒரு சத்தம் இல்லை. எங்கள் ஊரில் படிப்பு என்றால் சத்தம் கேட்கும். பாடமாக்குகிற சத்தம், ஆசிரியர் மேசையில் தட்டுகிற சத்தம், அடி விழுகிற சத்தம். சத்தமில்லாமல் ஒரு பிள்ளை சிரித்த முகத்தோடு இருந்தால் அவன் விளையாடுகிறான் என்று முடிவு கட்டுவதுதான் என் அறிவு.

அந்த நாளில் இணையமும் தொலைபேசியும் ஒரே கம்பியில்தான் ஓடின. ஒருவர் தொலைபேசியை எடுத்தால் மற்றவருக்கு இணையம் அறுந்துவிடும். இது எனக்குத் தெரியும், நீ இரண்டு மூன்று தடவை சொல்லியிருந்தாய். ஆனால் எங்கள் கோயில் ஆட்களின் தொலைபேசியைப் பற்றி உனக்கும் தெரியும். திருநாள் வந்தால் நான் இவருக்கு, இவர் அவருக்கு, அவர் இன்னொருவருக்கு என்று எடுத்துச் சொல்லிச் சொல்லித்தான் சாப்பாடு ஒழுங்காகும். ஒருவர் எடுக்காவிட்டால் சங்கிலி அறுந்து, ஐந்து வீட்டிலிருந்து கட்லட் வரும், ஒரு வீட்டிலிருந்தும் சோறு வராது. அந்தச் சனிக்கிழமை காலை என் முறை. நூற்றைம்பது ரோல்ஸ் ஆர் சுற்றிப் பொரிப்பது என்ற பெரிய விசயம். நான் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். நீ மேசையிலிருந்து திரும்பி, "அம்மா, போனை வையுங்கோ, சோதினை நடக்குது" என்றாய். சோதினை என்றால் மேசை வரிசை, மேற்பார்வையாளர், மணியடி எல்லாம் இருக்க வேண்டுமே, சமையலறையில் என்ன சோதினை என்று எனக்கு. ஐந்து நிமிடம் என்று ஐந்து விரலையும் காட்டினேன். பிறகு நாற்பது நிமிடம் கதைத்தேன். நீ கதவடியில் ஒற்றைக் காலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அறைக்குள் போய்விட்டாய். நீ என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அது எனக்கு அப்போது நல்ல பிள்ளையின் குணமாகத் தெரிந்தது.

கணிதத்தில் நீ தவறிவிட்டாய் என்று தாள் வந்தது. நான் அதை உன் கையில் தந்துவிட்டு, உன் அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னேன்: "பாத்தியோ, கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறது படிப்பே இல்லை எண்டு நான் அப்பவே சொன்னனான்." உண்மையில் நீ தொடங்கிய நேரம் நான் எதையும் சொல்லவில்லை, உள்ளுக்குள் நினைத்ததோடு சரி. ஆனால் வெற்றி பெற்ற ஆளைப் போல நின்றேன். அடுத்த வருடம் நீ உன்னைவிட ஒரு வயது குறைந்த பிள்ளைகளோடு அதே வகுப்பில் இருந்தாய். உன் சிநேகிதர்கள் கல்லூரிக்குப் போக, நீ அதே பழைய புத்தகப் பையோடு அந்த இரும்புப் படியில் இறங்கினாய். சனிக்கிழமைகளில் கணிதம் சொல்லித்தரும் தமிழ் மாஸ்டர் ஒருவரிடம் தனி வகுப்பும் வைத்தேன், அதுதான் படிப்பு என்று. நீ போனாய், வந்தாய், தேறினாய். அந்த வருடத்தோடு உன் மனதில் அந்த வசனம் ஊறிவிட்டது என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. தோற்றுப்போன இடத்தில் அம்மா சொன்னதை உண்மை என்று எடுத்துக்கொள்வது பிள்ளைகளின் வழக்கம்.

இனி என் கதைக்கு வருகிறேன், உனக்குப் பாதிதான் தெரியும். நான் கார்தெரியில், அதுதான் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் நிலையத்தில், சமையலுக்கு உதவியாளாகப் பதினைந்து வருடம் வேலை செய்தேன். சமையலறையில் இருந்தாலும் பிள்ளைகள் என்னிடம்தான் ஓடி வரும். சான்றிதழ் எடுத்தால் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையே தரலாம் என்று பொறுப்பாளர் அம்மா சொன்னார். பின்னேர வகுப்பில் சேர்ந்தேன். மெட்ரோ, பிறகு ஒரு பஸ், பிறகு பனியில் பத்து நிமிட நடை. ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிற நான் பின்வரிசையில், முன்னால் எல்லாம் உன் வயதுப் பெட்டைகள். ஆசிரியை நல்ல மனுசி, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவ பேசிய பிரெஞ்சு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஓடும். முதல் வசனத்தை நான் பிடிப்பதற்குள் ஐந்தாவது போய்விடும். விளங்கவில்லை என்று கை தூக்க வெட்கம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒருநாள் அவ என்னைப் பார்த்து ஏதோ ஒன்றுக்கு ஏன் என்று கேட்டதற்கு, நான் ஓம் என்று பதில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். ஏழு கிழமையோடு நிறுத்தினேன். பஸ் சரியில்லை, குளிர் கூட என்று உங்கள் எல்லோருக்கும் சொன்னேன். அது பொய். பஸ் நேரத்துக்கு வந்தது.

அந்த வகுப்பிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நன்மை ரோஸ்லின். செயின்ட்-மிஷேலில் இருக்கிறாவே, ஹெயிட்டிக்காரி, என் பக்கத்துக் கதிரை. அடுத்த வருடம் அவதான் எடுத்துச் சொன்னா, அதே சான்றிதழை இணையத்திலும் தருகிறார்கள், வா இருவரும் சேருவோம் என்று. நான் அவவிடமும் அதே வசனத்தைத்தான் எடுத்து வைத்தேன், பிரெஞ்சில், தட்டுத் தடுமாறி. அவ கேட்டா, அப்படியென்றால் அந்த ஏழு கிழமையில் நீ என்ன படித்தாய் என்று. சேர்ந்தேன்.

மகன், முதல் பாடம் திறந்த நாளை நான் மறக்க மாட்டேன். திரையில் ஆசிரியையின் குரல் ஓடத் தொடங்கியது, அதே வேகம். நான் நிறுத்தினேன். நின்றுவிட்டது. திரும்பச் சொல்லு என்று அமத்தினேன். திரும்பச் சொன்னா. ஒரே வசனத்தை நான் பதினான்கு தரம் கேட்டேன், ஒரு தரம்கூட அந்தக் குரலில் சலிப்பு வரவில்லை. படித்த ஒருத்தியின் வாயை நினைத்த நேரத்தில் மூடித் திறக்கிற அதிகாரம் என் வாழ்க்கையில் முதல்முறை கிடைத்தது. பக்கத்தில் அகராதி, மடியில் கொப்பி. தெரியாத சொல்லைத் தேடி எழுதிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போவேன். வகுப்பில் மூன்று மணித்தியாலத்தில் ஓடிப்போன பாடத்தை நான் நான்கு நாளில் முடித்தேன், ஆனால் முடித்தேன். வகுப்பு எல்லோருக்கும் ஒரே மணிக்கு முடிகிறது, விளங்கினவனுக்கும் விளங்காதவனுக்கும். வீட்டில் எனக்கு விளங்கிய நேரம்தான் பாடம் முடிகிற நேரம். இந்த ஒரு வித்தியாசம் போதும் எனக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே எல்லோரும் எழுதிப் பதில் சொல்லும் இடம் ஒன்று இருந்தது. மத்தியானம் படுக்க மாட்டேன் என்று அழுகிற பிள்ளையை என்ன செய்வது என்று ஆசிரியை கேட்டிருந்தா. நான் இரண்டு நாள் யோசித்து ஐந்து வரி எழுதினேன். அந்தப் பிள்ளையைப் படுக்கச் சொல்லாமல், பக்கத்துப் பிள்ளையைத் தட்டி நித்திரையாக்குவதற்கு அதை உதவிக்குக் கூப்பிடுவேன், தட்டித் தட்டி அதுவும் படுத்துவிடும் என்று. பிழை திருத்தி, ரோஸ்லினுக்கு வாசித்துக் காட்டி அனுப்பினேன். அடுத்த நாள் பார்த்தால் மூன்று பேர் என் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், ஆசிரியை அரைப் பக்கம் எழுதியிருக்கிறா. ஏழு கிழமை வகுப்பில் என் குரலை ஒருவரும் கேட்கவில்லை. இங்கே என் முகமே தெரியாதவர்கள் எனக்குத் தெரிந்ததைக் கேட்டார்கள். வகுப்பில் கெட்டிக்காரன் என்றால் கையைக் கெதியாய்த் தூக்குகிறவன். இங்கே யோசித்து எழுதுகிறவனுக்கும் இடம் இருந்தது.

எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கஷ்டம் பாடத்தில் இல்லை, வீட்டில் இருந்தது. வகுப்புக்குப் போகிற பொம்பிளையை எல்லோரும் மதிப்பார்கள். வீட்டில் இருந்து படிக்கிறவளைக் கண்டால் "சும்மாதானே இருக்கிறாய்" என்று வருவார்கள். எங்கள் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வாசல் மணியை அடிப்பார்கள். தொலைபேசி ஓயாது. உன் அப்பா பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் எட்டிப் பார்த்து, "இஞ்சேரப்பா, ஒரு தேத்தண்ணி" என்பார். கடைசியில் நான் ஒரு வேலை செய்தேன். புதுச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி, வெளியில் போடாமல் வைத்துக்கொண்டேன். நான்கு மணியானால் நல்ல உடுப்பு உடுத்து, சீப்பால் தலை இழுத்து, அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மேசைக்கு வருவேன். எங்கள் வீட்டுக்குள் சப்பாத்தோடு ஆரும் நடந்தது உண்டா? உன் அப்பா திகைத்துப்போய் எங்கே போகிறாய் என்று கேட்டார். வகுப்புக்கு என்று சொல்லிவிட்டு இருந்தேன். அவர் என் காலைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், பிறகு தானே போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தார். மூன்று கிழமையில் வாசலுக்கு வருகிறவர்களிடம், "அவ வகுப்பில நிக்கிறா, பேந்து வாங்கோ" என்று சொல்லும் அளவுக்கு முன்னேறிவிட்டார். நீ அப்போது பல்கலைக்கழகக் கடைசி வருடம், வீட்டில் தங்குவதில்லை. வந்த நாளில் என் சப்பாத்தைக் கண்டு, அம்மாவுக்கு என்ன நடந்தது என்று சிரித்தாய்.

இனித்தான் உனக்குத் தெரியாத பாதி. பாடமெல்லாம் முடிந்து தேர்வு நாள் வந்தது. திரையில் முதலில் ஒரு பக்கம் அறிவுறுத்தல். நான் எதையும் மூன்று தரம் வாசிக்கிற ஆள். தேர்வு தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது, இணைப்பு அறுந்தால் அதுவரை அனுப்பியது மட்டும்தான் திருத்தப்படும், தொலைபேசிக் கம்பியில் இணையம் எடுக்கிற வீடுகளில் அந்த நேரம் வேறு எவரும் அதைப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. முதல் தரம் வாசித்தபோது சொற்கள்தான் விளங்கின. மூன்றாம் தரம் வாசித்தபோது கதவடியில் ஒற்றைக் காலில் நின்ற உன்னைக் கண்டேன். அந்தத் தேர்வை எப்படி எழுதித் தேறினேன் என்று எனக்கே தெரியாது. எழுதி முடித்ததும் உன் அறைக்குப் போனேன், நீ விட்டுப்போன பெட்டியை இறக்கினேன். அதற்குள் நீல உறை ஒன்று, கணிதம் என்று எழுதியது. நீ அந்தக் குளிர்காலத்தில் அச்செடுத்து வைத்த தாள்கள். இருபது முப்பது இருக்கும். எல்லாம் நீ உன் இணைய ஆசிரியருக்கு அனுப்பிய கேள்விகளும் அவர் எழுதிய பதில்களும்.

என் பிள்ளை வகுப்பில் கை தூக்காத பிள்ளை. ஒவ்வொரு வருடமும் ஆசிரியர்கள் அமைதியான பிள்ளை என்று எழுதி அனுப்புவார்கள், நான் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சொந்தக்காரருக்கு எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் தாள்களில் இருந்தவன் அமைதியான பிள்ளை இல்லை. இது ஏன் இப்படி வருகிறது, அதை ஏன் இப்படிச் செய்யக் கூடாது, நீங்கள் சொன்ன வழி நீளம், இது சரியா என்று ஒரு கிழமைக்குள் பதினொரு கேள்வி. ஒரு இடத்தில் ஆசிரியரின் பிழையையே காட்டியிருக்கிறாய், அவர் நன்றி சொல்லியிருக்கிறார். கடைசித் தாள் தேர்வுக்குப் பிறகு அவர் எழுதியது. பத்துக் கேள்வியில் ஆறாவதில் இணைப்பு அறுந்திருக்கிறது, அனுப்பிய ஐந்தும் முழுக்கச் சரி, விதிப்படி அவ்வளவுதான் கணக்கு, தேற ஆறு வேண்டும், திரும்ப எழுத விரும்பினால் வீட்டில் நடந்ததைப் பெற்றோர் ஒருவர் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும் என்று. அந்தக் கடிதத்தை நீ என்னிடம் கொண்டு வரவில்லை. கொண்டு வந்திருந்தால், நான் தொலைபேசியில் ரோல்ஸ் கதைத்ததை நானே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டி வந்திருக்கும். அம்மாவைத் தலைகுனிய வைக்க விரும்பாமல் ஒரு வருடத்தைக் கொடுத்தாய். நான் அந்தக் கட்டிலில் இருந்து அழுதேன். உன் அப்பா வந்து வாசித்துவிட்டு, "இனி இதை அவனிட்ட கேக்கிறேல்லை" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை ஏன் பார்த்தார் என்று இப்போது உனக்கும் தெரியும்.

ஆகவே, அந்தக் கணினி உன்னைத் தோற்கடிக்கவில்லை. ஐந்துக்கு ஐந்து எடுத்தாய். நான்தான் கம்பியை அறுத்தேன், பிறகு பழியைக் கணினியில் போட்டேன். உன் வாழ்க்கையில் நீ வாய் திறந்து படித்த ஒரே வகுப்பு அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை நீயே இப்போது படிப்பில்லை என்று சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

வகுப்பறையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுக்காதே. மூன்று வயதுப் பிள்ளைக்குத் திரையைக் காட்டிவிட்டுப் போகிறவளை நான் கார்தெரியில் இருந்து கலைத்துவிடுவேன். பிள்ளைக்கு மடி வேண்டும், மற்றப் பிள்ளையின் கையைக் கடிக்க வேண்டும், கடி வாங்கவும் வேண்டும். உன் தொழிலிலும் கம்பியைக் கையால் பிடித்துப் படிக்காதவனைச் சுரங்கத்துக்குள் விட மாட்டாய். ஆனால் நிரோஜா படிப்பது என்ன? ஒரு தாளை வைத்துக்கொண்டு இன்னொரு தாளில் எழுதுகிற வேலை. ஆஸ்பத்திரியில் எங்கள் ஆட்கள் எங்கே நோகிறது என்று வருத்தத்தைச் சொல்லத் தெரியாமல் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அந்த வேலைக்குத் தேவையான பொறுமையை அவள் எங்கே இருந்தும் படிக்கலாம். வீட்டில் ஒழுங்கு வராது என்று நீ சொல்வாய். ஒழுங்கு சுவரில் இல்லை, மகன். ஏழு கிழமை நான்கு சுவருக்குள் இருந்து தலையாட்டியவள் சொல்கிறேன்.

மூன்று வருடம் பொறுக்கலாம்தானே என்றாய். அந்தக் கணக்கில் நான் தேர்ச்சி பெற்றவள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் படிப்போம் என்றேன், பிறகு நீ வளர்ந்ததும் என்றேன், பிறகு வீடு மாறியதும் என்றேன். பதினைந்து வருடம் மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சூப் கிண்டினேன். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை, எல்லோரும் அன்பாகப் பேந்து பேந்து என்றார்கள். இதில் யோசிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. நீ காலையில் சுரங்கத்துக்குப் போனால் பின்னேரம்தான் வருவாய். தெரியாத ஊர், தமிழ்ச் சனம் இல்லை, அரை வருடம் பனி. அவளுக்கு அந்த வீட்டுக்குள் சொந்தமாக ஒரு வேலை வேண்டும், ஒரு தவணை வேண்டும், உன்னைத் தவிர வேறு ஆட்கள் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்க வேண்டும். இந்தப் படிப்பு அதையெல்லாம் வீட்டு வாசலுக்குக் கொண்டு வருகிறது. தனிமை வரும், அதை மறைக்க மாட்டேன், எனக்கு ரோஸ்லின் இல்லாவிட்டால் நானும் நடுவில் விட்டிருப்பேன். இப்போது அவளோடு படிக்கிற இரண்டு பேரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைக்கச் சொல்லு. நீ செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அவள் மேசையில் இருக்கிற நேரம் சோற்றைக் கேட்காதே, சாவி எங்கே என்று கேட்காதே, கதவைச் சாத்திவிட்டு வெளியே இரு. பிள்ளை பிறந்தாலும் அந்த நேரம் பிள்ளை உன்னுடையது.

நீயும் அப்பாவும் அன்றைக்கு மேசை துடைத்துக்கொண்டிருந்த நேரம் நான் நிரோஜாவைக் கூப்பிட்டு அந்தப் பதிவுப் படிவத்தைக் காட்டச் சொன்னேன். கணினியில் திறந்து காட்டினாள். பெயர், முகவரி, எடுத்த பாடங்கள் எல்லாம் ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கிறாள், கடைசிப் பொத்தானை மட்டும் அமத்தவில்லை. நான் என் பழக்கத்தில் மேலிருந்து கீழே மூன்று தரம் வாசித்தேன். கணவன் கையெழுத்து வைக்கிற இடம் அதில் எங்கேயும் இல்லை. அவளுக்கு உன் அனுமதி தேவையில்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் உன்னை நம்புகிற பிள்ளை. நீ படிப்பில்லை என்று சொன்னால், படிப்பில்லை என்று நினைத்து விட்டுவிடுவாள். நீ என்னை நம்பி விட்டாயே, அதே மாதிரி. அதுதான் என் பயம், வேறு ஒன்றும் இல்லை.

கம்பியை நான் அறுத்தது, உன் சோதினை இன்னதென்று விளங்காமல் செய்த பிழை. அந்த நீல உறையைக் கண்ட பிறகும் மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்தது தெரிந்தே செய்த பிழை. உன் அப்பா வேண்டாம் என்றார் என்று சொல்லித் தப்ப மாட்டேன், அவர் வேண்டாம் என்ற எத்தனையோ காரியத்தை நான் செய்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். என்னை மன்னித்துக்கொள், மகன்.

நாளைக்கு வியாழன், இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும். உன் அப்பா காரில் கொண்டு வந்து போடுவார், தபாலை நான் நம்பவில்லை. எனக்குப் பதில் எழுத வேண்டாம், தொலைபேசியும் எடுக்க வேண்டாம். நிரோஜா அடுத்த அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். எழும்பிப் போய், நான் சொன்னது பிழை என்று அவளிடம் சொல்லு.

அம்மா